மணிக்கு எத்தனை டாலர், நாளொன்றுக்கு எத்தனை மணி: லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிப் பணியாளர் ஊதியம், 2014 முதல் 2023 வரை

பின்னணி

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது நம் ஊர் மாவட்டக் கல்வி அலுவலகம் போன்றதல்ல. அதற்குத் தனி வாரியம் உண்டு. வாரிய உறுப்பினர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளெடுப்பது, சம்பளம் பேசுவது, காண்ட்ராக்ட் விடுவது எல்லாமே அந்த வாரியத்தின் கையில் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸ் ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டம் இவற்றில் நாட்டிலேயே இரண்டாவது பெரியது. 2023-இல் அதன் பள்ளிகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள்.

அந்தப் பிள்ளைகளைக் காலையில் பஸ்ஸில் ஏற்றி வருபவர், மதியம் தட்டில் சாப்பாடு வைப்பவர், கழிப்பறை கழுவுபவர், தோட்டம் பார்ப்பவர், மாற்றுத்திறனாளிக் குழந்தையின் பக்கத்திலேயே நாள் முழுக்க இருப்பவர் என ஆசிரியரல்லாத பணியாளர்கள் சுமார் 30,000 பேர். எஸ்.இ.ஐ.யு. என்ற சேவைத்துறைப் பணியாளர் சங்கத்தின் 99-வது கிளை அவர்களுக்காகப் பேசுகிறது. 2023 மார்ச்சில் இவர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது இவர்களுடைய சராசரி ஆண்டு வருமானம் சுமார் 25,000 டாலர். அமெரிக்க அரசு அந்த ஆண்டு நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு வகுத்த வறுமைக்கோடு 30,000 டாலர்.

இந்த ஊதியப் பிரச்சினையை முதலிலிருந்து பதிவு செய்வதற்குக் காரணம் ஒன்றுதான். வாழ்வூதியம், அதாவது குடும்பம் நடத்தப் போதுமான ஊதியம், பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மணிக்கு எவ்வளவு என்ற ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் அந்த எண்ணை ஒரு தடவை வென்று காட்டினார்கள். ஒன்பது ஆண்டு கழித்து அதே ஆட்கள் அதே தெருவில் மறுபடியும் நிற்க வேண்டி வந்தது. இடையில் என்ன தவறியது என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

2014: பதினைந்து டாலர்

2014 ஜூலையில் மாவட்டமும் சங்கமும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. குறைந்தபட்ச ஊதியம் அந்த ஆண்டு மணிக்கு 11 டாலர், 2015-இல் 13, 2016-இல் 15 என்று படிப்படியாக உயரும். சுமார் 20,000 பேருக்கு இதனால் சம்பளம் கூடியது. கலிபோர்னியா மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி அப்போதுதான் 9 டாலராகியிருந்தது. துரித உணவுக் கடை ஊழியர்கள் 15 டாலர் கேட்டு நாடெங்கும் தெருவில் இறங்கியிருந்த காலம் அது. ஒரு பெரிய அரசு அமைப்பு அந்தத் தொகையை ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டது உண்மையிலேயே பெரிய வெற்றி. அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த வெற்றிக்குள் இரண்டு ஓட்டைகள் இருந்தன. மாநிலச் சட்டம் 2016-இல் தன் கூலியையும் படிப்படியாக 15 டாலருக்கு உயர்த்த முடிவு செய்தது. அதன் பிறகு விலைவாசிக்கு ஏற்ப அது தானாகவே ஏறும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. 2023 ஜனவரியில் மாநிலக் கூலி 15.50 டாலரானது. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கூலியோ அப்போதே 16.04 டாலர். 2014-இல் வானத்தில் இருந்த 15 என்ற எண், சாதாரணக் கடை வேலைக்குச் சட்டமே கட்டாயமாக்கிய கூலிக்கும் கீழே போய்விட்டது. பள்ளி ஒப்பந்தத்தில் பேசிய எண் தானாக ஏறுவதில்லை. ஒவ்வொரு தடவையும் மேசையில் உட்கார்ந்து பேசித்தான் ஏற்ற வேண்டும்.

இரண்டாவது ஓட்டை அதைவிட ஆழமானது: வேலை நேரம்.

பார்த்தது என்ன

இந்த வேலைகளில் பெரும்பகுதி பகுதிநேர வேலை. சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்ப்பவரை எடுத்துக்கொள்வோம். காலை உணவுக்கு முன்னால் வருகிறார். தலைமுடி வலையும் கையுறையும் மாட்டிக்கொண்டு தட்டுகளை அடுக்குகிறார், சூடாக்குகிறார், வரிசையில் வரும் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்கிறார். மதியச் சாப்பாடு முடிந்து மேசை துடைத்ததும் அவருடைய நேரம் முடிந்துவிடுகிறது. பஸ் டிரைவருக்குக் காலையில் ஒரு நடை, பிற்பகலில் ஒரு நடை. நடுவில் வெறும் இடைவெளி. அந்த இடைவெளியில் வேறு வேலைக்குப் போய்விட்டு வரவும் முடியாது, வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பெட்ரோல் காசு நட்டம். நாள் முழுவதும் வேலைக்கென்றே கட்டுண்டு கிடக்கிறது, சம்பளம் பாதி நாளுக்குத்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பள்ளி நாள்கள் ஆண்டுக்கு 180. ஒரு நாளைக்கு 4 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 720 மணி. மணிக்கு 15 டாலர் கொடுத்தால் 10,800 டாலர். கூலியைப் பாதிக்குப் பாதி உயர்த்தி, பின்னால் 2023-இல் பேசி முடித்த 22.52 டாலராக்கினால் சுமார் 16,200 டாலர். கூலியைத் தொடாமல் அதே 15 டாலரில் நாளைக்கு 7 மணி நேரம் வேலை கொடுத்திருந்தால்? 18,900 டாலர். விடுமுறைச் சம்பளம், படிகள் எதையும் சேர்க்காத தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் நான் இதைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து, மணிக் கூலியை மட்டும் சொல்லும் எந்த அறிக்கையையும் பழைய மாதிரி படிக்க முடியவில்லை.

இன்னொன்று கோடை விடுமுறை. இரண்டு மாதத்துக்கும் மேல் பள்ளி மூடியிருக்கும்போது பகுதிநேரப் பணியாளர்களில் பெரும்பாலோருக்கு வருமானம் இல்லை. வேறு துறையில் இப்படி வேலை நின்றால் அரசிடம் வேலையின்மை உதவித்தொகை கேட்கலாம். பள்ளிப் பணியாளருக்கு அது கிடையாது. பள்ளி திறந்ததும் வேலை இருக்கிறது என்ற நியாயமான உறுதி கொடுக்கப்பட்டிருந்தால், விடுமுறைக் காலத்துக்கு உதவித்தொகை கேட்க முடியாது என்று கலிபோர்னியா மாநிலச் சட்டமே சொல்கிறது. வேலை இருக்கிறது என்று காட்டும் காகிதமே உதவியை மறுக்கும் காகிதமாகவும் ஆகிறது. மாநிலமே 2018-இல் இதற்கு ஒரு மாற்றுவழி கொண்டுவந்தது. பணியாளர் பள்ளி மாதங்களில் தன் சம்பளத்திலிருந்து சேமித்தால், மாநிலம் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துக் கோடையில் கொடுக்கும். நல்ல திட்டம். ஆனால் அதில் சேர்வதா வேண்டாமா என்பதைப் பள்ளி மாவட்டம்தான் முடிவு செய்ய வேண்டும். அதோடு, மாதச் சம்பளம் மாத வாடகைக்கே போதாதவர் எதைச் சேமிப்பார்?

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது இந்தச் சாப்பாட்டுக்கூடப் பணியாளர்கள் வீட்டில் இருக்கவில்லை. பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் உணவுப் பொட்டலம் கொடுத்தார்கள். ஓர் ஆண்டுக்குள் மாவட்டம் கொடுத்த உணவு 10 கோடிப் பொட்டலங்களைத் தாண்டியது. அந்த 2020 ஜூனிலேயே இவர்களுடைய பழைய ஊதிய ஒப்பந்தம் காலாவதியாகிவிட்டது.

பேச்சு முறிந்தது

அதன் பிறகு கிட்டத்தட்ட மூன்று ஆண்டு புது ஒப்பந்தம் இல்லை. சங்கம் கேட்டது 30 சதவீத உயர்வும், அதற்கு மேல் எல்லோருக்கும் மணிக்கு 2 டாலரும். மாவட்டத்திடம் 4.9 பில்லியன் டாலர் கையிருப்பு இருக்கிறது, அதில் ஒரு பகுதியைத் தொட்டால் போதும் என்றது சங்கம். கையிருப்பில் பெரும்பகுதி ஒருமுறை மட்டும் வந்த பணம், அதை நம்பி ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய சம்பளத்தை ஏற்ற முடியாது என்றது நிர்வாகம்.

நிர்வாகத்தின் வாதத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. கலிபோர்னியாவில் பள்ளிக்குப் பணம் வருவது பிள்ளைகளின் வருகைப் பதிவை வைத்துத்தான். கொரோனா நிவாரண நிதி 2024 செப்டம்பரோடு முடியப்போகிறது என்பதும் அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பயம் பொய்யில்லை. அந்தப் பயத்தின் முழுச் சுமையையும் மாவட்டத்திலேயே குறைவாகச் சம்பாதிப்பவர் தலையில் வைத்ததுதான் தவறு என்பது என் எண்ணம்.

2023 பிப்ரவரியில் சங்கம் வாக்கெடுப்பு நடத்தியது. வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக 96 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். கடைசிக் கட்டத்தில் நிர்வாகம் 23 சதவீத நிரந்தர உயர்வும் 3 சதவீத ஒருமுறை ஊக்கத்தொகையும் தருவதாகச் சொன்னது. எண்களைப் பார்த்தால் இடைவெளி குறுகிவிட்டது போலத்தான் தெரியும். ஆனால் அதற்குள் நம்பிக்கை போய்விட்டிருந்தது. அந்தப் பிப்ரவரியில் மாவட்டத்தின் தலைமை அதிகாரி, நடப்பதைச் சர்க்கஸோடு ஒப்பிட்டு ட்விட்டரில் ஒரு பதிவு போட்டார், பிறகு நீக்கினார். வாடகை கட்ட முடியாமல் இரண்டாவது வேலை தேடுகிறவர் அதைப் படித்தால் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சங்கம் எடுத்த மூன்று முடிவுகள் கவனிக்கத்தக்கவை.

முதலாவது, எந்த அடிப்படையில் வேலைநிறுத்தம் என்பது. சம்பளப் பேச்சு முட்டுக்கட்டையில் நிற்கும்போது சமரசம், உண்மை கண்டறிதல் என்ற கட்டங்களை முடித்த பிறகே பள்ளிப் பணியாளர் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்யலாம். அந்தக் கட்டங்கள் இன்னும் முடியவில்லை. எனவே பணியாளர்களை மிரட்டுவது, கண்காணிப்பது போன்ற முறைகேடுகளில் நிர்வாகம் ஈடுபட்டது என்று குற்றம் சாட்டி, அதற்கு எதிரான வேலைநிறுத்தமாக அறிவித்தார்கள். இதைத் தடுக்க மாவட்டம் மாநிலப் பொதுத்துறைப் பணியாளர் உறவு வாரியத்திடம் அவசரத் தடை கேட்டது. வாரியம் தர மறுத்தது.

இரண்டாவது, முடிவில்லாமல் இழுக்காமல் மூன்று நாள் என்று முன்கூட்டியே வரையறுத்தது. குறைந்த சம்பளக்காரர் ஒரு வாரச் சம்பளத்தை இழந்தாலே அடுத்த மாத வாடகை உதைக்கும். மூன்று நாள் என்பது அவர்களால் தாங்கக்கூடியது. பெற்றோரும் அவ்வளவு நாள் பொறுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, ஆசிரியர் சங்கத்தைக் கூட நிற்கச் செய்தது. சாப்பாட்டுக்கூடப் பணியாளர் மட்டும் வெளியே நின்றால் நிர்வாகம் பொட்டலம் வாங்கிக் கொடுத்துப் பள்ளியை நடத்திவிடும். சுமார் 35,000 ஆசிரியர்கள் இவர்களுக்காக வகுப்புக்குப் போகாமல் நின்றதால்தான் பள்ளிகளே மூடின. இந்த முடிவு இல்லையென்றால் மற்ற இரண்டுக்கும் பலன் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மூன்று நாள்

மார்ச் 21, செவ்வாய்க்கிழமை. அந்த ஊரில் அபூர்வமான கொட்டும் மழை. விடிவதற்கு முன்பே பஸ் பணிமனை வாசலில் டிரைவர்கள் குடையும் பிளாஸ்டிக் மழைக்கோட்டுமாக நின்றார்கள். ஊதாச் சட்டை 99-வது கிளையின் நிறம், சிவப்புச் சட்டை ஆசிரியர்களின் நிறம். இரண்டும் கலந்து நனைந்து நின்ற கூட்டத்தின் படங்கள் அன்று நாடு முழுக்கப் போயின. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை.

மாவட்டம் பல இடங்களில் உணவுப் பொட்டலம் கொடுக்க ஏற்பாடு செய்தது. பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏழைக் குடும்பத்தவர், பள்ளிச் சாப்பாட்டை நம்பியிருப்பவர்கள். வேலைநிறுத்தம் செய்தவர்களில் பலருடைய சொந்தப் பிள்ளைகளும் அதே பள்ளிகளில்தான் படித்தார்கள் என்பதை இந்த இடத்தில் நினைவில் வைக்க வேண்டும்.

மேயர் கேரன் பாஸ் நடுவில் வந்தார். பள்ளி மாவட்டத்தின் மேல் அவருக்குச் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. இரு தரப்பும் அவரை ஏற்றுக்கொண்டதே அவருக்கு இருந்த பலம். மார்ச் 24, வெள்ளிக்கிழமை உடன்பாடு அறிவிக்கப்பட்டது.

உடன்பாட்டின் உள்ளே

2021 ஜூலையிலிருந்து 6 சதவீதம், 2022 ஜூலையிலிருந்து 7 சதவீதம், இரண்டும் நிலுவையோடு. 2023 ஜூலையிலிருந்து இன்னொரு 7 சதவீதம். 2024 ஜனவரியிலிருந்து எல்லோருக்கும் மணிக்கு 2 டாலர் கூடுதல். குறைந்தபட்சம் மணிக்கு 22.52 டாலர். 2020-21 கல்வியாண்டில் வேலை செய்தவர்களுக்கு ஒருமுறை 1,000 டாலர். சராசரி ஆண்டு வருமானம் 25,000-இலிருந்து சுமார் 33,000 டாலராகும் என்று சங்கம் கணக்கிட்டது.

இதில் மணிக்கு 2 டாலர் என்ற நேர் உயர்வைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சதவீத உயர்வு மேலே இருப்பவருக்குத்தான் அதிகப் பணமாகப் போகும். நேர்த்தொகை அப்படியல்ல. மணிக்கு 17 டாலர் வாங்கியவருக்கு மூன்று சதவீத உயர்வுகளும் 2 டாலரும் சேர்ந்து சுமார் 22.63 டாலர், அதாவது 33 சதவீத ஏற்றம். 30 டாலர் வாங்கியவருக்கு சுமார் 38.41, அதாவது 28 சதவீதம். அடியில் இருப்பவரைக் கூடுதலாகத் தூக்க நினைத்து வைத்த அம்சம் இது.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுபவை செய்தித் தலைப்பில் வராத இரண்டு வரிகள். ஆசிரியர் உதவியாளர், பள்ளி நேரத்துக்குப் பின் பிள்ளைகளைப் பார்ப்பவர் போன்றோர் நாளைக்கு 4 மணி நேரம் வேலை செய்தாலே மருத்துவக் காப்பீடு. சிறப்புக் கல்வி உதவியாளர்களுக்கு நாளைக்கு 7 மணி நேர வேலை உறுதி.

அந்த இரண்டாவது வரியின் எடையை உணர, அந்த வேலையைப் பார்க்க வேண்டும். சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, குழந்தையின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, கழிப்பறைக்குக் கொண்டுபோய், துடைத்து, உடை மாற்றி, திரும்ப உட்கார வைத்து, ஊட்டிவிட்டு, பாடத்தில் விரல் வைத்துக் காட்டுகிறவர் இவர். 2014-இல் இவருடைய மணிக்கு விலை பேசினார்கள். 2023-இல்தான் இவருடைய நாளுக்கு விலை பேசினார்கள்.

ஏப்ரலில் உறுப்பினர்கள் 99 சதவீத வாக்கோடு ஏற்றார்கள். ஏப்ரல் 18-ஆம் தேதி பள்ளி வாரியம் ஒப்புதல் கொடுத்தது. அதே நாளில் ஆசிரியர் சங்கமும் 21 சதவீத உயர்வோடு தன் உடன்பாட்டை எட்டியது.

விடுபட்டவர்கள்

இந்த உடன்பாடு மாவட்டத்தின் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும். காண்ட்ராக்ட் நிறுவனம் அனுப்பும் ஆள் அதே பள்ளி வாசலில் நின்றாலும் இந்த 22.52 டாலர் அவருக்குப் பொருந்தாது.

வேலை இப்படி வெளியே போகாமல் தடுக்கும் அரண் ஓரளவு மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. பள்ளி வேலையை வெளியே விடுவதற்கு 2002-இல் கலிபோர்னியா கடுமையான நிபந்தனைகள் போட்டது. ஒப்பந்ததாரர் குறைந்த சம்பளம் கொடுப்பதால் மிச்சமாகிறது என்ற ஒரே காரணத்துக்காக வேலையை வெளியே விட முடியாது. எங்கே மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள் என்று தெரிந்து எழுதிய சட்டம் இது.

ஆனால் ஏற்கெனவே ஒப்பந்ததாரரிடம் இருப்பவருக்கு ஊதியத்தை உயர்த்தும் வழியை இன்னும் முன்பே காட்டியது அமெரிக்காவின் கிழக்கிலுள்ள பால்டிமோர் நகரம். அங்கே இலவசச் சாப்பாட்டு வரிசையில் நிற்பவர்களில் பலர் வேலையில் இருப்பவர்கள் என்பதைத் தேவாலயக் குழுக்கள் கவனித்தன. வேலைக்குப் போய்க்கொண்டே பசியோடு வந்தார்கள். அந்தக் குழுக்களும் தொழிலாளர்களும் சேர்ந்து கேட்டதன் விளைவு, 1994 டிசம்பரில் வந்த நகரச் சட்டம். நகரத்திடம் ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனம் 1995 ஜூலை முதல் மணிக்கு குறைந்தது 6.10 டாலர் கொடுக்க வேண்டும். அப்போது நாட்டின் குறைந்தபட்சக் கூலி 4.25 டாலர். பள்ளிப் பேருந்து, பள்ளித் துப்புரவு ஒப்பந்தங்களிலும் ஆட்களுக்குப் பலன் கிடைத்தது. அங்கேயும் பலருக்குப் பகுதிநேர வேலைதான் என்பதால் மணிக் கூலி ஏறிய அளவுக்குக் குடும்ப வருமானம் ஏறவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் 2014-இல் இடறிய அதே கல்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே நிலையில் இருக்கும் ஒரு பள்ளி மாவட்டமோ சங்கமோ என்னிடம் கேட்டால், முதலில் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்ற பட்டியலை மேசையில் வைக்கச் சொல்வேன். கூலி விகிதம் அதற்குப் பிறகு. சாப்பாட்டுக்கூட வேலையையும் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய பராமரிப்பையும் ஒரே ஆளுக்குச் சேர்த்துக் கொடுக்க முடிந்த இடத்தில் கொடுத்தால், புதுப் பணம் அதிகம் இல்லாமலே ஒரு குடும்பத்தின் வருமானம் மாறும். 7 மணி நேர உறுதி சிறப்புக் கல்வி உதவியாளர்களோடு நின்றுவிட்டது. அதற்கு 22.52 டாலரைச் சேர்த்துப் பெருக்கினாலும் 180 நாளுக்கு வருவது சுமார் 28,400 டாலர்தான், வறுமைக்கோட்டுக்கு இன்னும் கீழே.

அடுத்தது, விலைவாசியோடு தானாக ஏறும் விதி. மாநிலக் கூலிக்கு இருப்பது பள்ளி ஒப்பந்தத்துக்கும் இருந்திருந்தால் 2014-இன் வெற்றி இப்படித் தேய்ந்திருக்காது. ஒப்பந்தம் காலாவதியான பிறகு பேச்சை மூன்று ஆண்டு இழுக்கும் ஆசையும் நிர்வாகத்துக்கு வந்திருக்காது. 2021 ஜூலைக்கு உரிய 6 சதவீதம் 2023-இல் நிலுவையாகக் கைக்கு வந்தது. இடையில் வாடகை தவறி வீட்டைக் காலி செய்தவருக்கு அந்த நிலுவை வீட்டைத் திருப்பித் தராது.

காண்ட்ராக்ட் ஆட்களுக்கு, ஒப்பந்தப் புள்ளி கோரும் ஆவணத்திலேயே வரி இருக்க வேண்டும்: மாவட்டப் பணியாளரின் குறைந்தபட்ச ஊதியம் எப்போது ஏறினாலும் ஒப்பந்ததாரர் ஆட்களுக்கும் அன்றே ஏறும், அந்தச் செலவை மாவட்டம் ஏற்கும், சம்பளப் பட்டியலை மாதாமாதம் காட்ட வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் தேதிக்காகக் காத்திருந்தால் ஐந்து ஆண்டு போய்விடும்.